ஹைட் பார்க் முதல் பெல்ஃபாஸ்ட் வரை: பிரிட்டனின் பேச்சுரிமைத் தடங்கள்

பிரிட்டனில் பேச்சுரிமையை ஒரே ஏட்டில் எழுதி வைத்த அரசியல் சாசனம் கிடையாது. தடை செய்யப்படாத எதையும் செய்யலாம் என்பதே அங்கு நெடுங்கால மரபு. எது தடை என்பதை நாடாளுமன்றமும் நீதிபதிகளும் அவ்வப்போது சொல்லி வந்தார்கள். 1998ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம் 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகுதான், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 10ஆவது பிரிவு வழியாக அது ஓர் உரிமையாக ஏடேறியது. அந்தப் பிரிவும் முதல் பத்தியில் உரிமையைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் பத்தியில் பொது ஒழுங்கு, பிறர் நற்பெயர், நாட்டின் பாதுகாப்பு என்று நிபந்தனைகளை அடுக்குகிறது. ஆகவே எதைப் பேசலாம், யார் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளலாம் என்ற எல்லைக் கோடு ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் புதிதாக வரையப்படுகிறது. அந்தச் சண்டைகளுக்கு ஊரும் தெருவும் தேதியும் உண்டு. லண்டனில் தொடங்கி பிரிஸ்டல், மான்செஸ்டர், பிராட்ஃபோர்ட், எடின்பரோ என்று ரயிலிலும், அங்கிருந்து பெல்ஃபாஸ்டுக்குக் கப்பலிலும் போகிறவர் அந்தக் கோடு அழிந்த இடங்களையும் மறுபடி விழுந்த இடங்களையும் நேரிலேயே பார்க்கலாம்.

தொடங்க வேண்டிய இடம் ஹைட் பார்க்கின் வடகிழக்கு மூலை. மார்பிள் ஆர்ச் பாதாள ரயில் நிலையத்திலிருந்து மேலேறி வந்தால் சில நிமிட நடையில் ஸ்பீக்கர்ஸ் கார்னர். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதற்கு உயிர். மேடை இல்லை, ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. பேச வருகிறவர் மடக்கு ஏணியையோ பெட்டியையோ தானே தூக்கிவந்து, அதன்மேல் ஏறி, தொண்டையை நம்பிப் பேச வேண்டும். பைபிளோடு ஒருவர், குர்ஆனோடு இன்னொருவர், கடவுளே இல்லை என்று மூன்றாமவர், உலகம் ரகசியக் குழு ஒன்றின் கையில் இருக்கிறது என்று நான்காமவர். கேட்பவர்கள் கைகட்டி நிற்பதில்லை. வாக்கியம் முடியும் முன்பே குறுக்கே விழுந்து கேலி செய்வது அங்கே மரபு. அந்தக் கேலிக்கு அதே மூச்சில் பதில் வைத்திருப்பவரே நல்ல பேச்சாளர் என்று பெயர் வாங்குவார். மார்க்ஸும் லெனினும் ஆர்வெல்லும் வந்துபோன மூலை இது. இப்போது ஒவ்வொரு ஏணியைச் சுற்றியும் கைபேசிகள் உயர்ந்து நிற்கின்றன. எதிரே நிற்பவருக்காகப் பேசுகிறார்களா, யூடியூபில் பார்க்கப்போகிறவருக்காகப் பேசுகிறார்களா என்று சொல்வது கடினம்.

எட்ஜ்வேர் சாலை தொடங்கும் சந்தியில், வாகனங்களுக்கு நடுவே உள்ள திட்டில், டைபர்ன் தூக்குமரம் நின்ற இடத்தைக் குறிக்கும் வட்டக் கல் ஒன்று தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. 1783 வரை லண்டன் குற்றவாளிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிட்ட இடம் அது. சாகப்போகிறவருக்குக் கடைசியாகப் பேச அனுமதி உண்டு, அதிலிருந்துதான் பேச்சு மூலை பிறந்தது என்று சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது, வரலாறு வேறு. 1866 ஜூலை 23 அன்று, தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சீர்திருத்தக் கழகம் ஹைட் பார்க்கில் கூட்டம் போட வந்தது. அரசு கதவுகளைப் பூட்டியது. கூட்டம் பூங்காவின் இரும்பு வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே போனது. மறு ஆண்டு மே மாதம், தடையை மீறி மீண்டும் கூட்டம் நடந்தது. அரசு தலையிடாமல் ஒதுங்கி நின்றது, உள்துறை அமைச்சர் வால்போல் பதவி விலகினார். அதன் பிறகு வந்த 1872ஆம் ஆண்டுப் பூங்காச் சட்டம் கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைத் தருகிறதே தவிர, பேசும் உரிமை என்று ஒன்றைத் தரவில்லை. உலகெங்கும் பேச்சுரிமையின் சின்னமாகப் பேசப்படும் அந்த மூலைக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பது, அங்கு முதல்முறை வருகிறவர்களுக்கு வியப்பளிக்கும். சாலையில் குற்றமாவது அங்கேயும் குற்றமே.

பாதுகாப்பு வந்தது நீதிமன்றத்திலிருந்து. வேக்ஃபீல்ட் தேவாலயப் படிகளில் நின்று மதப் பிரசாரம் செய்த மூன்று பெண்களைச் சுற்றிக் கூட்டம் கூடிச் சினந்தது. போலீஸ் கூட்டத்தை விட்டுவிட்டுப் பெண்களைக் கைது செய்தது. 1999இல் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி செட்லி, யாரையும் உறுத்தாத பேச்சுக்கு மட்டும் சுதந்திரம் என்றால் அந்தச் சுதந்திரத்தால் பயனில்லை என்ற பொருளில் தீர்ப்பெழுதினார். எரிச்சலூட்டும் பேச்சும், விசித்திரமான பேச்சும், மதத்துக்கு மாறான பேச்சும் வன்முறையைத் தூண்டாத வரை காக்கப்பட வேண்டியவை என்றார். பிற்காலத்தில் பேச்சுரிமை பேசிய எல்லாத் தரப்பும் எடுத்துக்காட்டிய தீர்ப்பு அது. ஆனால் தீர்ப்பு கத்தியைத் தடுப்பதில்லை. 2021 ஜூலையில் ஷார்லி ஹெப்டோ என்ற பிரெஞ்சு நையாண்டி இதழின் பெயர் பொறித்த சட்டை அணிந்து வந்த ஒரு கிறிஸ்தவப் பெண் பிரசாரகர் இதே ஹைட் பார்க் மூலையில் கத்தியால் தாக்கப்பட்டார்.

பூங்காக்களின் வழியே தெற்கே நடந்தால் நாடாளுமன்றச் சதுக்கம். அந்தப் புல்வெளியைச் சுற்றி நிற்கும் சிலைகளே ஒரு விவாத அரங்கு. 1973 முதல் சர்ச்சில். 2015 முதல், சர்ச்சில் வாழ்நாளெல்லாம் வெறுத்த காந்தி. தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ், அவருக்குப் பின்னால் வந்த நிறவெறி ஆட்சியை வீழ்த்திய மண்டேலா. 2018இல்தான் அங்கு முதல் பெண் சிலை வந்தது: வாக்குரிமைப் போராளி மில்லிசென்ட் ஃபாசெட், கையில் பதாகையோடு. 2020 ஜூனில் இனவெறிக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களின்போது சர்ச்சில் சிலையின் பீடத்தில் அவர் இனவெறியர் என்று மை தெளித்து எழுதினார்கள். சில நாட்களில் மூன்று தலைவர்களையும், சர்ச்சிலையும் காந்தியையும் மண்டேலாவையும், நகர நிர்வாகம் மரப்பலகைப் பெட்டிகளுக்குள் அடைத்து வைத்தது. அடுத்தடுத்த பெட்டிகளில் அவர்கள் மூவரும் இருந்ததைவிடக் கூர்மையான கேலிச்சித்திரத்தை யாரும் வரைந்திருக்க முடியாது.

இந்தச் சதுக்கத்தில் 2001 ஜூன் 2 அன்று பிரையன் ஹா என்ற தச்சர் ஈராக் மீதான பொருளாதாரத் தடைகளை எதிர்த்துக் குடிலிட்டார். போர் வந்தது, போனது, அவர் போகவில்லை. பதாகைகளும் குழந்தைகளின் படங்களும் பொம்மைகளும் சேர்ந்து, நாடாளுமன்றத்துக்கு எதிரே நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர்போல் வளர்ந்தன. அவரை அகற்றவென்றே 2005இல் ஒரு சட்டப்பிரிவு எழுதப்பட்டது: நாடாளுமன்றத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆர்ப்பாட்டம் கூடாது. அவரோ சட்டத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தவர். சட்டத்தின் சொல்லமைப்பு அவரை மட்டும் தொடவில்லை என்று முதலில் தீர்ப்பானது, நாட்டுக்கே பெரிய சிரிப்பாகிவிட்டது. மேல்முறையீட்டில் அரசு வென்றதும், 2006 மே 23 அதிகாலையில் போலீஸ் வந்து பதாகைகளில் பெரும்பகுதியை அள்ளிச் சென்றது. கலைஞர் மார்க் வாலிஞ்சர் அள்ளப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட பொருள்களையும் மழைக்கறை மாறாமல் அப்படியே திரும்பச் செய்து, 2007 ஜனவரியில் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் வைத்தார். சட்டம் சொன்ன ஒரு கிலோமீட்டர் வட்டம் அந்தக் கட்டடத்தின் குறுக்கே ஓடியது. அவர் தரையில் கறுப்பு நாடாவால் அந்தக் கோட்டை ஒட்டிவைத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் கலை, அந்தப் பக்கம் நின்றால் குற்றமாகலாம். அந்த ஆண்டின் டர்னர் பரிசு அதற்குக் கிடைத்தது. 2011இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாகச் சதுக்கத்தில் கூடாரத்தையும் படுக்கையையும் தடை செய்யும் விதி வந்தது. அதே ஆண்டு ஹா காலமானார்.

தமிழ் வாசகருக்கு இந்தப் புல்வெளி இன்னொரு காரணத்தால் தெரிந்திருக்கும். 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வன்னியில் இறுதிப் போர் நடந்தபோது, பிரிட்டன் தமிழர்கள் இங்கேதான் இரவும் பகலும் கூடி நின்றார்கள். தொடக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தையே மறித்தார்கள். முன் அனுமதி இல்லாத அந்தப் போராட்டத்தை, 2005ஆம் ஆண்டுச் சட்டம் கையிலிருந்தும், போலீஸ் முற்றாகக் கலைக்கவில்லை. அங்கு உண்ணாவிரதம் இருந்த இளைஞர் ரகசியமாக பர்கர் சாப்பிட்டார் என்று இரண்டு தேசியப் பத்திரிகைகள் எழுதின. அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2010இல் அந்தச் செய்தி பொய் என்று ஒப்புக்கொண்டு, இரு பத்திரிகைகளும் சேர்ந்து 77,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தன. பிரிட்டனின் அவதூறுச் சட்டம் பணக்காரர்கள் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் கருவி என்று கடுமையாக விமர்சிக்கப்பட்டு, அதன் விளைவாக 2013இல் திருத்தப்பட்டது. அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பெயர் கெட்ட ஓர் இளைஞருக்கு அந்தச் சட்டத்தைத் தவிர வேறு கதி இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

அன்று கூட்டத்தில் புலிக்கொடி பறந்தது பெரிய பிரச்சினையானது. 2001 முதல் விடுதலைப் புலிகள் இயக்கம் அங்கே தடை செய்யப்பட்ட அமைப்பு. அதற்கு ஆதரவு என்ற ஐயத்தை எழுப்பும் விதத்தில் கொடியோ சட்டையோ தட்டியோ பொது இடத்தில் காட்டினால், 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி குற்றம். அதே பிரிவு 2025இல் இதே புல்வெளியில் வேறு முகம் காட்டியது. விமானப்படைத் தளம் ஒன்றில் புகுந்து விமானங்கள்மீது சாயம் தெளித்த பாலஸ்தீன் ஆக்‌ஷன் அமைப்பு அந்த ஜூலையில் தடை செய்யப்பட்டது. ஆகஸ்ட் 9 அன்று, அந்த அமைப்பை ஆதரிப்பதாகக் கையால் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு பலநூறு பேர் வாய் திறக்காமல் புல்லில் உட்கார்ந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கைது. ஓய்வுபெற்ற முதியவர்களைப் போலீஸ்காரர்கள் கைத்தாங்கலாகத் தூக்கிச் சென்ற படங்கள் மறுநாள் உலகப் பத்திரிகைகளில் வந்தன.

சதுக்கத்தின் மேற்கு விளிம்பில், பழைய மிடில்செக்ஸ் கில்ட்ஹாலில், 2009 முதல் இயங்குகிறது உச்ச நீதிமன்றம். வருகிறவர் யாரும் பாதுகாப்புச் சோதனை முடித்து உள்ளே போய் வழக்கைக் கேட்கலாம். 2025 ஏப்ரல் 16 அன்று இங்கே ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பு, அடையாளச் சண்டைகளில் மிகச் சூடானதைத் தொட்டது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்றால் பிறப்பால் பெண்ணா, பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற திருநங்கையும் அதில் அடக்கமா என்பதே கேள்வி. வழக்கைக் கொண்டுவந்தது ‘ஃபார் விமன் ஸ்காட்லாந்து’ என்ற பெண்கள் அமைப்பு; எதிர்த்தரப்பு ஸ்காட்லாந்து அரசு. அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை உயிரியல் பாலினமே பொருள் என்று நீதிமன்றம் கூறியது. பாலின மாற்றம் என்ற தனிப் பிரிவின் கீழ் திருநர்களுக்கு உள்ள பாதுகாப்பு அப்படியே நீடிக்கிறது என்றும், இதை ஒரு தரப்பின் வெற்றியாகக் கொள்ள வேண்டாம் என்றும் தீர்ப்பை வாசித்த லார்ட் ஹாட்ஜ் சொன்னார். வெளியே அப்படி யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் ஷாம்பெயின் பாட்டில் திறந்தது. மூன்றாம் நாள் மறுபக்கம் சதுக்கத்தில் திரண்டது. ஃபாசெட் சிலையின் பதாகையிலும் ஸ்மட்ஸ் சிலையிலும் மை விழுந்தது.

இந்தத் தகராறின் வேர் கொஞ்சம் பின்னால் போகிறது. திருநங்கை ஒருவர் ஸ்ட்ராஸ்பர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2002இல் வென்றதால்தான் 2004ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டமே வந்தது. மருத்துவச் சான்று இல்லாமல் சுய அறிவிப்பாலேயே பாலினத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் 86க்கு 39 என்ற கணக்கில் சட்டம் நிறைவேற்றியது. அடுத்த மாதமே லண்டன் அரசு அதை முடக்கியது. இடையில், பாலினத்தை மாற்ற முடியாது என்று சொல்வதே பாகுபாடா, அது சட்டம் காக்க வேண்டிய ஒரு கொள்கையா என்ற வழக்கு வந்தது. 2019இல் கீழ்த் தீர்ப்பாயம், ஜனநாயகத்தில் மதிக்கத் தகாத கருத்து அது என்றது. 2021இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மாற்றியது. அதே கருத்துக்காக மாணவர் எதிர்ப்பைச் சந்தித்த தத்துவப் பேராசிரியர் கேத்லீன் ஸ்டாக் 2021இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு 2025இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 5,85,000 பவுண்டு அபராதம் விதித்தது. கழிப்பறை, மருத்துவமனை வார்டு, சிறை, விளையாட்டுக் குழு என்று அன்றாடத்தில் என்ன செய்வது என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முடித்து வைக்கவில்லை. வாழ்பவர்களுக்கு அதுதான் முக்கியம்.

லண்டனின் பேடிங்டன் நிலையத்திலிருந்து பிரிஸ்டல் செல்லும் ரயில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடும். வழியில் டிட்காட்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கான தடம் பிரிகிறது. 2005இல் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் ஒருவர் இரவு விருந்து முடிந்து திரும்பும்போது, குதிரைப் போலீஸ்காரரிடம் அவருடைய குதிரை தன்பாலீர்ப்பு கொண்டது என்று சொல்லிக் கைதானார். 80 பவுண்டு அபராதத்தைக் கட்ட மறுத்தார், வழக்கு கைவிடப்பட்டது. 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5ஆவது பிரிவில் ‘அவமதிக்கும்’ என்ற சொல் இருந்ததால் வந்த வினை. அந்தச் சொல்லை நீக்கக் கோரி கிறிஸ்தவ அமைப்பும் மதச்சார்பின்மைக் கழகமும் நடிகர் ரோவன் அட்கின்சனும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். 2014 பிப்ரவரியில் சொல் நீங்கியது.

பிரிஸ்டலின் துறைமுகக் கரையில் உள்ள எம் ஷெட் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் கோல்ஸ்டனின் வெண்கலச் சிலை மல்லாந்து கிடக்கிறது. முகத்திலும் மேலங்கியிலும் சிவப்பு, நீல மை அப்படியே இருக்கிறது. துடைக்க வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. கோல்ஸ்டன் ஊருக்குப் பள்ளியும் அறச்சாலையும் கட்டிய வள்ளல், அடிமை வணிகம் நடத்திய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பெரிய பொறுப்பாளரும்கூட. அவர் அதில் இருந்த காலத்தில் சுமார் 84,000 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள், 19,000 பேர் வழியிலேயே இறந்தார்கள் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. 1895இல் வைத்த சிலையின் பீடம் அவரை ஊரின் நற்குணச் செல்வராகப் புகழ்ந்தது. அடிமைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. திருத்தப் பலகை ஒன்று வைக்கலாம் என்று 2018இல் முடிவானது. எந்தச் சொல்லைப் போடுவது, எதை எடுப்பது என்று மாதக்கணக்கில் இழுபறி நடந்து, கடைசியில் பலகை வைக்கப்படவே இல்லை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் கயிறு கட்டிச் சிலையை இழுத்து வீழ்த்தி, உருட்டிச் சென்று துறைமுக நீரில் தள்ளியது. நான்காம் நாள் நகராட்சி மீட்டெடுத்துச் சேற்றைக் கழுவியபோது, சிலையின் உள்ளிருந்து ஒரு சைக்கிள் டயரும், 1895ஆம் ஆண்டின் வார இதழ் ஒன்றும் கிடைத்தன. சிலையை நிறுவிய தொழிலாளர்கள் அந்த இதழில் தங்கள் பெயர்களை எழுதிச் செருகி வைத்திருந்தார்கள்.

சிலையை வீழ்த்தியதற்காக வழக்கு நடந்த நால்வரை 2022 ஜனவரி 5 அன்று ஜூரி விடுவித்தது. ஜூரி காரணம் சொல்வதில்லை. அரசு அந்த விடுதலையை மாற்ற முடியாது. ஆனால் இனி இப்படி நடக்காமலிருக்க வழி தேடியது. அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெரிய சேதம் விளைவித்தவர் கருத்துரிமையைக் கேடயமாக்க முடியாது என்று சொன்னது. ஐயாயிரம் பவுண்டுக்குக் குறைவான சேதம் என்றால் மூன்று மாதச் சிறையோடு முடிந்திருந்த நினைவுச்சின்ன வழக்குகளுக்கு, 2022ஆம் ஆண்டுச் சட்டம் பத்து ஆண்டு வரை தண்டனை வைத்தது. அந்தச் சட்டம் ஊர்வலத்தின் சத்தத்தைக்கூடக் கட்டுப்படுத்தப் போலீசுக்கு அதிகாரம் தந்தது. ஒரு சிலை விழுந்ததற்குப் பெரும்பாலும் சிலைகளோடு தொடர்பே இல்லாதவர்கள் விலை கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

மான்செஸ்டரிலும் சண்டை பலகையில்தான். 1819 ஆகஸ்ட் 16 அன்று செயின்ட் பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய சுமார் 60,000 பேர்மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. வாட்டர்லூவை நினைவூட்டி ‘பீட்டர்லூ’ என்று பெயர் வைத்தார்கள். 1972இல் வைத்த நீலப் பலகை, கூட்டத்தை ராணுவம் கலைத்தது என்று மட்டும் சொன்னது. யாரும் செத்ததாக அதில் இல்லை. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2007இல் வந்த சிவப்புப் பலகை 15 மரணத்தையும் 600க்கும் மேற்பட்ட காயத்தையும் எழுதியது. இப்போது இறந்தவர்கள் 18 என்கிறார்கள். இருநூறாம் ஆண்டான 2019இல் கலைஞர் ஜெரெமி டெல்லர் வட்ட வட்டமாகப் படிகள் ஏறும் நினைவுமேடை அமைத்தார். எவரும் ஏறி நின்று பேசலாம் என்பது எண்ணம். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏறவே முடியாது என்பதைக் கட்டி முடிக்கும் தறுவாயில்தான் நகரம் கவனித்தது. சம உரிமைக்காக உயிர் விட்டவர்களுக்கு எழுப்பிய மேடையின் கீழே மாற்றுத்திறனாளிகள் பதாகை பிடித்து நிற்க நேர்ந்தது.

பென்னைன் மலைகளைத் தாண்டினால் பிராட்ஃபோர்ட். கம்பளி ஆலைகளுக்காகப் பாகிஸ்தானின் மிர்பூரிலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் வாழும் ஊர். 1989 ஜனவரி 14 அன்று, நகர மண்டபத்துக்கு அருகே, சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானின் வேதங்கள்’ கொளுத்தப்பட்டது. முந்தைய மாதம் போல்டனில் இதைவிடப் பெரிய கூட்டம் அதே நூலைக் கொளுத்தியிருந்தது, பத்திரிகைகள் கவனிக்கவில்லை. பிராட்ஃபோர்டில் படம் எடுத்தார்கள், உலகம் பார்த்தது, சரியாக ஒரு மாதம் கழித்து ஈரானிலிருந்து கொலை ஆணை வந்தது. அதற்கு முன்பே, 1988 அக்டோபரில், அந்த நூலின் இறக்குமதியைத் தடை செய்திருந்தது இந்தியா.

பிராட்ஃபோர்ட் மக்களின் சினத்துக்குப் பின்னால் சட்டத்தில் ஒரு நியாயமான புகார் இருந்தது. தெய்வநிந்தனைச் சட்டம் அப்போது உயிரோடு இருந்தது. ஆனால் அது காத்தது கிறிஸ்தவ மதத்தை மட்டும். 1977இல் ‘கே நியூஸ்’ இதழின் ஆசிரியர் இயேசுவைப் பற்றிய ஒரு கவிதைக்காக அதே சட்டத்தில் தண்டனை பெற்றார். ருஷ்டிமீது வழக்குப் போட முயன்ற முஸ்லிம்களிடம், உங்கள் மதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று நீதிமன்றம் சொல்லியது. தலைப்பாகை பற்றிய ஒரு வழக்கில் 1983இல் சீக்கியர்கள் ஓர் இனக்குழு என்று தீர்ப்பானதால், சீக்கியர்களுக்கும் யூதர்களுக்கும் இனச் சட்டத்தின் காப்பு உண்டு. முஸ்லிம்களுக்கு அதுவும் இல்லை. இந்த இடைவெளியை அடைக்க டோனி பிளேர் அரசு கொண்டுவந்த மத வெறுப்புச் சட்டம் 2006 ஜனவரி 31 அன்று மக்களவையில் ஒரே ஒரு வாக்கில் வெட்டுப்பட்டது. தோற்காது என்று நம்பி, அந்த வாக்கெடுப்புக்கு முன் பிளேரே வீட்டுக்குப் போயிருந்தார். அதனால் மதத்தைக் கேலி செய்வதும் பழிப்பதும் வெறுப்பதும் குற்றமல்ல, மிரட்டும் சொல்லே குற்றம் என்ற விதிவிலக்கு சட்டத்தில் நிலைத்தது. 2008இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெய்வநிந்தனைக் குற்றமே ஒழிந்தது. மறு ஆண்டு ராஜதுரோகக் குற்றமும் நீங்கியது. இந்தியாவில் ராஜதுரோகப் பிரிவை 1870இலும், மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295ஏ பிரிவை 1927இலும் சேர்த்துவிட்டுப் போனவர்கள் இவர்களேதான்.

சட்டம் ஒழிந்தாலும் பயம் ஒழியவில்லை. பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள பாட்லி ஊரில், 2021இல் வகுப்பில் நபிகளின் கேலிச்சித்திரத்தைக் காட்டிய ஆசிரியர் ஒருவர் மிரட்டலுக்கு அஞ்சி ஊரைவிட்டே ஒளிய வேண்டியதாயிற்று. 2025இல் லண்டனின் துருக்கித் துணைத் தூதரகம் முன்பு குர்ஆனை எரித்தவருக்கு ஜூனில் 240 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அக்டோபரில் மேல்முறையீட்டில் விடுவித்தார்கள். கத்தியோடு அவர்மீது பாய்ந்தவர் தனியே தண்டனை பெற்றார்.

பிராட்ஃபோர்டுக்குத் தெற்கே டான்காஸ்டருக்கு அருகில் ராபின் ஹூட் விமான நிலையம் இருந்தது. 2022இல் அது மூடப்பட்டது. 2010 ஜனவரிப் பனியில் அது முடங்கியபோது, அதை வெடிவைத்துத் தகர்த்துவிடுவேன் என்று ட்விட்டரில் வேடிக்கையாக எழுதிய இளைஞர் தண்டிக்கப்பட்டு வேலையையும் இழந்தார். இரண்டரை ஆண்டு கழித்து உயர் நீதிமன்றம் அது நகைச்சுவை என்று ஒப்புக்கொண்டது. தொலைபேசியில் ஆபாசம் பேசுபவர்களை மனதில் வைத்துப் பிறந்த சட்டவாசகங்களைக் கைபேசி உலகத்துக்கு நீட்டியதால் வரும் குழப்பம் இன்றும் தீரவில்லை. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொலையாளி புகலிடம் தேடி வந்த முஸ்லிம் என்ற பொய் இணையத்தில் பரவி, ஊர் ஊராகக் கலவரம் வெடித்தது. புகலிடம் தேடியவர்கள் தங்கியிருந்த விடுதிகளைக் கொளுத்தலாம் என்று எழுதிய ஒரு பெண்ணுக்கு 31 மாதச் சிறை. தண்டனை கடுமை என்றார்கள் சிலர். விடுதிகளுக்குள் உயிரோடு ஆட்கள் இருந்ததை நினைத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

எடின்பரோவின் ராயல் மைலில் தத்துவஞானி டேவிட் ஹியூம் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதிர்ஷ்டம் வரும் என்று மாணவர்கள் தடவித் தடவி அவருடைய கால் கட்டைவிரல் பொன்போல் மின்னுகிறது. மூடநம்பிக்கையை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவருக்கு இது! 1745இல் நாத்திகர் என்று பழிசுமத்தி எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவி மறுத்தது. 2020இல், அவருடைய கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்பில் கறுப்பினத்தவரை இழிவாக எழுதியதற்காக, தன் உயர்ந்த கட்டடம் ஒன்றிலிருந்து அவர் பெயரை அதே பல்கலைக்கழகம் எடுத்தது. இரண்டு முறையும் அதற்குக் காரணம் இருந்தது, இரண்டு முறையும் அது காலத்தின் நல்லோர் பக்கமே நின்றது. ஹியூமுக்கு முன்னால், 1697 ஜனவரி 8 அன்று, இருபது வயது மாணவர் தாமஸ் ஐக்கன்ஹெட் கிறிஸ்தவத்தைக் கேலி பேசியதற்காக எடின்பரோவிலிருந்து லீத் போகும் சாலையில் தூக்கிலிடப்பட்டார். தெய்வநிந்தனைக்காக பிரிட்டனில் உயிர் இழந்த கடைசி மனிதர் அவர்.

அந்தக் குற்றத்தை ஸ்காட்லாந்து 2021ஆம் ஆண்டின் வெறுப்புக் குற்றச் சட்டத்தால் நீக்கியது. அதே சட்டம் வயது, ஊனம், மதம், பாலீர்ப்பு, திருநர் அடையாளம் ஆகியவற்றின் மீது வெறுப்பைத் தூண்டும் புதிய குற்றத்தை உருவாக்கியது. பெண்கள் அந்தப் பட்டியலில் அப்போது இடம்பெறவில்லை. 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த நாளிலேயே, நகரவாசியான ஜே.கே. ரௌலிங் சில திருநங்கைகளை ஆண்கள் என்று எழுதி, முடிந்தால் கைது செய்யட்டும் என்றார். போலீஸ் குற்றமில்லை என்றது. முதல் வாரத்தில் வந்த புகார்கள் ஏழாயிரத்துக்கும் மேல். அவற்றில் மிகச் சிலவே குற்றமாகப் பதிவாயின.

ஸ்காட்லாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கெய்ர்ன்ரையனிலிருந்து கப்பல் இரண்டே கால் மணி நேரத்தில் பெல்ஃபாஸ்ட் சேர்க்கிறது. இங்கே பேச்சு என்பது கொடியும் மேளமும். பிரிட்டன் கொடியை ஆண்டு முழுவதும் நகர மண்டபத்தில் ஏற்றுவதை நிறுத்தி 18 நாட்களுக்குக் குறைக்க 2012 டிசம்பர் 3 அன்று மாநகராட்சி வாக்களித்தது, மாதக்கணக்கில் கலவரம். ஊர்வலம் நடத்துகிறவர் 28 நாள் முன்னதாக 11/1 என்ற படிவத்தில் தெருத் தெருவாக வழியை எழுதிக் கொடுக்க வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஊர்வல ஆணையம் எந்தத் தெருவில் மேளம் நிற்க வேண்டும் என்பதுவரை தீர்மானிக்கிறது. லண்டனில் இதைக் கேட்டால் வெடித்து எழுவார்கள். பெல்ஃபாஸ்டில் உயிர்ச்சேதம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஊரின் ஆஷர்ஸ் பேக்கரியில் 2014இல் ஒருவர் 36.50 பவுண்டுக்கு ஒரு கேக் கேட்டார். அதன்மேல் தன்பால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் வேண்டும் என்றார். உரிமையாளர்கள் தங்கள் மத நம்பிக்கைக்கு எதிரான வாசகத்தை எழுத மாட்டோம் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் பாகுபாடு என்று 500 பவுண்டு இழப்பீடு விதித்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக மாற்றியது: வாடிக்கையாளரை அவர் யார் என்பதற்காக மறுப்பது குற்றம், தான் நம்பாத கருத்தை எழுத மறுப்பது குற்றமல்ல. வந்தவர் எந்தப் பாலீர்ப்பு கொண்டவராக இருந்தாலும் கடைக்காரர் அந்த வாசகத்தை மறுத்திருப்பார் என்பது தீர்ப்பின் அடிப்படை. பேச்சுரிமையில் பேசாமலிருக்கும் உரிமையும் அடக்கம் என்று இதைவிடத் தெளிவாகச் சொன்ன பிரிட்டிஷ் தீர்ப்பு அரிது. கேக்கில் எழுதக் கேட்ட கோரிக்கை 2020 ஜனவரியில் வட அயர்லாந்தில் சட்டமானது. இங்கிலாந்தும் வேல்ஸும் ஸ்காட்லாந்தும் ஒழித்த தெய்வநிந்தனைக் குற்றமோ, வட அயர்லாந்தின் சட்டத்தில் நீக்கப்படாமல் இன்னும் இருக்கிறது.